பனிக்கடலில் எண்ணூற்றுப் பன்னிரண்டு நாள்கள்

புவியியல் ஆசிரியர் விடுமுறையில் நின்ற ஒரு நாளிலே அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. இலக்கணமும் செய்யுளும் கற்பிக்கும் நமக்கு, சுவரிலே தொங்கிய படத்தைக் காட்டி நேரம் போக்குவதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. வடமுனையைச் சூழ்ந்த ஆர்க்டிக் சமுத்திரத்தின் படம் அது. நீல நிறத்தின் நடுவே ஆழங்களைக் குறிக்கும் எண்கள் ஆங்காங்கே சிதறிக் கிடந்தன. பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், அங்கை முழுக்க ஐஸ், கப்பல் போகேலாது எண்டு சொல்லுறீங்கள். அப்ப இந்த நம்பரையெல்லாம் ஆர் போய் எழுதினது?" என்று கேட்டான். நம்மிடம் விடை இருக்கவில்லை. அக்கேள்வியின் பின்னே சென்று நாம் தேடிக் கற்றவற்றுள் ஒரு பகுதியே இக்கட்டுரை.

கடலின் ஆழத்தைக் குறிக்கும் எண் ஒன்று படத்தில் ஏறுவதற்கு முன்னர், எவரோ ஒருவர் அவ்விடத்திற்குச் சென்று, கயிற்றை இறக்கி, அது அடியைத் தொட்ட கணத்தை உணர்ந்து, அதை ஒரு குறிப்பேட்டிலே பதிந்திருத்தல் வேண்டும். பனிக்கட்டி மூடிய கடலிலே இது நடைபெற்ற விதந்தான் வியப்புக்குரியது. நோர்வே நாட்டறிஞர் நன்சன் 1893ஆம் ஆண்டிலே 'பிராம்' என்னும் தம் கப்பலை வேண்டுமென்றே பனிக்கட்டியினுள் உறையவிட்டு, 1896ஆம் ஆண்டு வரை அது கொண்டு சென்ற வழியே மிதந்து சென்றார். கடற்பனி ஓரிடத்திலே நிற்பதன்று, காற்றாலும் நீரோட்டத்தாலும் உந்தப்பட்டுச் சைபீரியக் கரையிலிருந்து கிரீன்லாந்துப் பக்கமாக நகர்ந்து செல்வது என்னும் உண்மையை உலகம் இவ்வாறே ஐயமற அறிந்தது.

எண்களின் பெறுமதியை உணர்த்தும் வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. 1912ஆம் ஆண்டிலே புருசிலோவ் என்னும் ருஷ்யக் கடற்படை அதிகாரியின் 'புனித அன்னா' என்ற கப்பல் காராக் கடலிலே பனிக்கட்டியில் அகப்பட்டு வடக்கே இழுபட்டுச் சென்றது. 1914ஆம் ஆண்டிலே அதன் வழிகாட்டி அதிகாரியான அல்பானோவ் சில தோழர்களுடன் கப்பலை விட்டிறங்கிப் பனிமீது நடந்தார். அக்குழுவிலே அல்பானோவும் மாலுமி ஒருவருமாக இருவரே உயிர் தப்பினர். கப்பலும் அதில் நின்றோரும் என்ன ஆயினரென்று எவரும் அறியார். ஆயின் அல்பானோவ் தம்மோடு கப்பலின் நாட்குறிப்புப் பிரதியொன்றைக் கொண்டுவந்திருந்தார். உண்ண உணவின்றித் தடுமாறிய மனிதர் காகிதக் கட்டொன்றைக் கைவிடாது சுமந்தார் என்பது சிந்திக்கத்தக்கது. பத்தாண்டு கழித்து, 1924இல், வீசே என்னும் அறிஞர் அக்குறிப்பிலுள்ள இடங்களையும் காற்றின் திசைகளையும் ஒப்புநோக்கினார். 78ஆம் பாகைக்கும் 80ஆம் பாகைக்கும் இடையிலே கப்பல் காற்றுக்கு இசையாத விதமாக விலகிச் சென்றிருக்கக் கண்டு, அங்கே பனியின் போக்கைத் தடுக்கும் நிலம் ஒன்று இருத்தல் வேண்டும் என்று கூறினார். 1930ஆம் ஆண்டிலே அத்தீவு, அவர் குறித்த பகுதியிலேயே, அவர் கண்முன்னே காணப்பட்டது. அவரை அங்கே கொண்டுசென்ற கப்பலின் பெயர் 'கியோர்கி செடோவ்'. நம் கட்டுரையின் தலைமைப் பாத்திரம் இக்கப்பலே.

இக்கப்பல் 1909இல் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே கட்டப்பட்டது. நியூபவுண்ட்லாந்துக் கடலிலே சீல் வேட்டையாடுவதற்கென எழுந்த அதற்கு முதலில் இடப்பட்ட பெயர் 'பியோத்திக்'. வெள்ளையரின் குடியேற்றத்தால் நிலமிழந்து, நோயுற்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அற்றுப்போன அந்நாட்டு ஆதிக்குடிகளின் பெயர் அது. அழித்த மக்களின் பெயரை வாணிகக் கப்பலுக்குச் சூட்டி மகிழும் வழக்கம் ஏகாதிபத்தியத்திற்குப் புதியதன்று. முதலாம் உலகப் போரின்போது ருஷ்யா அதை வாங்கியது. வடமுனையை நோக்கிப் புறப்பட்டு 1914இல் வழியிலே மாண்ட கியோர்கி செடோவ் என்பவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. செடோவின் குழுவிலே எஞ்சியோரை ஏற்றிவந்த கப்பலே அல்பானோவையும் அவர் தோழரையும் காப்பாற்றியது என்பதையும் இங்கே சொல்லி வைப்போம்.

பனியுடைப்புக் கப்பல் என்றவுடன் பனிக்கட்டியை வாள்போல் அறுத்துச் செல்வதென்று பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. முன்புறம் சரிவாக அமைந்திருத்தலால், அது பனித்தளத்தின்மீது ஏறித் தன் பாரத்தினாலே அதை அழுத்தி நொறுக்கும். தளபதி மக்காரோவின் திட்டப்படி 1898இல் இங்கிலாந்திலே கட்டப்பட்ட 'யெர்மாக்' இவ்வகையின் முன்னோடி. 'செடோவ்' அத்துணை வலிமையுடையதன்று. மெல்லிய பனியைத் தாங்கிச் செல்லக்கூடிய பழைய நீராவிக் கப்பல் என்பதே பொருந்தும்.

1937ஆம் ஆண்டின் கோடை முடிவிலே சோவியத் நாட்டின் வடகடற் போக்குவரத்துப் பெரும் இடரைச் சந்தித்தது. இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் துறைமுகம் சேரமுடியாமற் பனிக்கட்டியிலே அகப்பட்டன. அவற்றுள் 'சாட்கோ', 'மலீகின்', 'செடோவ்' என்னும் மூன்றும் லாப்தெவ் கடலிலே ஒன்றன் அருகில் ஒன்றாக உறைந்து நின்றன. மூன்றிலும் இருந்தோர் 217 பேர். அம்மாரிகாலத்திலே அவர்களுக்குத் தலைவராயிருந்தவர் ருடோல்ப் சமொய்லோவிச் என்னும் ஆய்வறிஞர். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம். 1938 ஏப்பிரலிலே விமானங்கள் பனித்தளத்தில் இறங்கி 184 பேரை ஏற்றிச் சென்றன. கப்பலொன்றுக்குப் பதினொருவராக 33 பேர் எஞ்சினர். ஆகஸ்டு முடிவிலே 'யெர்மாக்' பனியைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தது. 'சாட்கோ'வையும் 'மலீகி'னையும் விடுவித்தது. 'செடோ'வின் சுக்கானைப் பனிக்கட்டி முன்னரே வளைத்துவிட்டமையால் அதை இழுத்துச் செல்ல முடியவில்லை. 'யெர்மா'க்கும் தன் சுழலிகளுள் ஒன்றை இழந்தது. இனித் தாமதித்தால் எல்லாக் கப்பல்களும் மறுபடியும் அகப்படும் என்ற நிலையில், 'செடோவ்' அங்கேயே விடப்பட்டது. விருப்பத்தோடு முன்வந்த 15 பேர் அதில் நின்றனர்.

யார் இந்தப் பதினைவர்? கப்பற்றலைவர் கொன்ஸ்தந்தீன் பாடிகினுக்கு வயது முப்பது நிரம்பவில்லை. சில மாதங்களுக்கு முன்னர்வரை அவர் 'சாட்கோ'விலே துணை அதிகாரி. விஞ்ஞான வேலைக்குப் பொறுப்பாக நின்ற விக்தர் புயினிற்ஸ்கி படிப்பை முடிக்காத மாணவர். நீரியல் கல்லூரியிலிருந்து செய்முறைப் பயிற்சிக்காகக் கடலுக்கு வந்தவர். ஏனையோர் பொறியாளர், கம்பியில்லாத் தந்தியாளர், வைத்தியர், மாலுமிகள், உலைக்குக் கரி தள்ளுவோர், சமையலாளர். பேராசிரியர் என்று சொல்ல ஒருவரேனும் அங்கில்லை. நாம் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. விஞ்ஞானம் பட்டம் பெற்ற சிலரின் உடைமை என்ற எண்ணம் நம் கல்லூரிகளிலே இன்றும் ஆழ வேரூன்றியிருக்கின்றது. ஆய்வுகூடத்திலே குடுவை கழுவுபவரை நாம் விஞ்ஞானத்தின் பகுதியாகக் கருதுவதில்லை. 'செடோவ்' கப்பலிலே அப்பிரிவினை நிலைக்க இடமிருக்கவில்லை. கடலடியை அளக்கும் கம்பியை உருளையிலே சுற்றுவதற்கு உலைத் தொழிலாளியின் தோள் வேண்டும். காந்தமானியைப் பார்ப்பவர் கூறும் எண்ணை எழுதுவதற்கு இன்னொருவர் விளக்கோடு நிற்க வேண்டும்.

அவர்களது நாளாந்த வாழ்வு பெரும்பாலும் சிக்கனத்தின் வரலாறு. நிலக்கரியை மீளும் நாளுக்காகச் சேமித்தாக வேண்டும் என்பதனாற் பெருங்கொதிகலன்கள் குளிர்ந்து கிடந்தன. சிறு அடுப்புகளாற் சூடேற்றிய சில அறைகளிலே யாவரும் ஒடுங்கினர். மண்ணெண்ணெய் விளக்குகளின் புகை கூரையிலே படிந்தது. மூச்சின் ஈரம் உட்சுவரிலே உறைந்து, அடுப்பு எரியும்போது உருகிச் சொட்டியது. சூரியன் மாதக்கணக்காக எழாத நெடிய இருளை அவர்கள் மூன்று மாரியிலே கண்டனர். அவ்விருளிலே நாளை நாளாக நிறுத்தி வைப்பது மணி ஒன்றே. குறித்த வேளையில் எழுதல், உண்ணல், அவதானம் எடுத்தல், தளத்திற் படிந்த உறைபனியை வெட்டித் தள்ளல், பொறிகளைப் பிரித்துத் துடைத்துப் பூட்டல் என ஒழுங்கு தவறாது நடைபெற்றது. மாலையிலே பாடங்கள் நிகழ்ந்தன. மாலுமிகள் வழியறியும் கலையைக் கற்றனர். ஆசிரியத் தொழிலிலுள்ள நமக்கு இச்செய்தி தனியானதோர் இன்பத்தைத் தருகின்றது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

இவ்வாழ்வின் அமைதி எக்கணமும் குலையக்கூடியது. காற்றும் நீரோட்டமும் பனித்தளங்களை ஒன்றோடொன்று மோதச் செய்யும்போது, இடையிலகப்பட்ட கப்பலின் விலாவை அவை நெருக்கும். பனிக்கட்டிகள் ஒன்றன்மீதொன்று ஏறி மதிலாக எழுந்து கப்பலை நோக்கி நகரும். எஃகுச் சட்டங்கள் முனகும். அத்தகைய நெருக்குதல்கள் 153 நிகழ்ந்தன. 1938 செப்ரெம்பர் 26ஆம் நாள் கப்பல் ஏறத்தாழ 30 பாகை சரிந்தது. சரிந்த பக்கத்திலே, பொறியறையிலிருந்து நீரை வெளியேற்றும் துளை கடல்மட்டத்திற்குக் கீழே சென்றுவிட, வெளிநீர் உட்புகலாயிற்று. பொறியாளர் தொக்காரெவும் அல்பியோரோவும் உறைநிலை நீருள் இறங்கி அதை அடைத்தனர். அன்று அவர்கள் சற்றுத் தாமதித்திருப்பின் இக்கட்டுரைக்கு வேலை இருந்திராது. அதன் பின்னர், நகர்ந்து வரும் பனிமதில்களை வெடிமருந்து வைத்துத் தகர்க்கும் முறையை அவர்கள் கைக்கொண்டனர். கப்பல் நொறுங்கினால் உயிர் பிழைக்கவேண்டிய உணவும் உடையும் கூடாரமும் எப்போதும் ஆயத்தமாக வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழமுள்ள கடலை அளப்பதற்குரிய கம்பி கப்பலிலே இருக்கவில்லை. நன்சனும் ஒருகாலத்தில் இதே இடருக்கு உள்ளாகி, தம் கப்பலின் எஃகு வடத்தைப் பிரித்தே கம்பி செய்துகொண்டார். 'செடோவ்' குழுவினரும் அவ்வழியையே மேற்கொண்டனர். கனத்த எஃகு வடத்தின் புரிகளைக் கடுங்குளிரிலே கையாற் பிரித்து, ஒன்றன் நுனியை மற்றொன்றின் நுனியோடு பின்னி, ஐந்து கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையதாக ஆக்கினர். பின்னிய இடம் வலுவற்றதாயின் கம்பி அறும். அறுந்தால் அளவு கருவியும் பல நாள் உழைப்பும் கடலடிக்குப் போய்விடும். அவ்வாறு பலமுறை போயின. மீண்டும் வடத்தைப் பிரிக்கத் தொடங்கினர். இப்படி எடுத்த அளவுகளுள் மிகப் பெரியது 5180 மீற்றர். வகுப்பறைப் படத்தில் எழுதியிருக்கும் எண்ணின் பின்னே கொப்புளித்த விரல்கள் இருந்தன என்பதை அன்று நாம் அறிந்திருந்தோமாயின், பாடம் வேறுவிதமாக நடந்திருக்கும்.

ஆழம் மட்டும் போதாது. எவ்விடத்து ஆழம் என்பதும் தெரியவேண்டும். நகரும் பனிமீது நிற்கும் கப்பலுக்கு நிலையான முகவரி இல்லை. ஆதலால் வானம் தெளிந்த போதெல்லாம் விண்மீன்களின் உயரத்தை அளந்து இடத்தைக் கணித்தனர். கண்ணாடியிலே மூச்சுப் பட்டால் அது பனிபடிந்து குருடாகும். உலோகத்தைத் தொட்ட விரலின் தோல் ஒட்டிக்கொள்ளும். இவ்வகையில் 415 தடவை இடம் கணிக்கப்பட்டது. புவியின் காந்தத்தை அளப்பதற்குக் கப்பலை விட்டு விலகிப் பனிமீது கூடாரம் அடித்தல் வேண்டும். கப்பலின் இரும்பு ஊசியை மயக்கிவிடும் அன்றோ? அவ்வளவுகள் 78 இடங்களில் எடுக்கப்பட்டன. ஊசற்குண்டின் ஆட்டத்தைக் கொண்டு புவியீர்ப்பையும் அளந்தனர். பல்வேறு ஆழங்களிலிருந்து நீரை எடுத்து அதன் வெப்பத்தையும் உப்பையும் ஆராய்ந்தனர். மேலே உறைநிலையிலுள்ள நீரின் கீழ், சில நூறு மீற்றர் ஆழத்திலே, அத்லாந்திக் சமுத்திரத்திலிருந்து வந்த சற்று வெப்பமான நீர்ப்படை ஒன்று உண்டு. நன்சன் கண்டறிந்த அப்படையை இவர்களும் தொடர்ந்து அவதானித்தனர். மேலே கொண்டுவரும் நீர்ச் சாடி வெளிக்காற்றுப் பட்டதும் உறைந்துவிடும் என்பதால், துளையின்மேற் கூடாரமிட்டுச் சூடேற்றிக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருந்தது.

1939 ஆகஸ்டு 29ஆம் நாள் கப்பல் 86 பாகை 39½ கலை வட அகலக்கோட்டை அடைந்தது. 86ஆம் பாகையை எட்டாது திரும்பிய 'பிரா'மின் எல்லையை இது தாண்டிவிட்டது. செய்தித்தாள்கள் இதையே பெரிதாக எழுதின. நம் கருத்தில், அன்றைய நாளும் மற்றைய நாள்களைப் போல அவதானம் எடுக்கப்பட்ட ஒரு நாள் என்பதே அதைவிடப் பெரிது. பின்னர்க் கப்பல் தென்மேற்காகத் திரும்பிக் கிரீன்லாந்துக் கடலை நோக்கிச் சென்றது. 1940 ஜனவரி 13ஆம் நாள் 'யோசிப் ஸ்டாலின்' என்னும் புதிய பனியுடைப்புக் கப்பல் அதை அணுகி விடுவித்தது. 1937 ஒக்டோபர் 23ஆம் நாளிலிருந்து கணக்கிட்டால் 812 நாள்கள். வளைந்தும் திரும்பியும் சென்ற வழியின் நீளம் ஏறத்தாழ 6100 கிலோமீற்றர். ஒருவரேனும் இறக்கவில்லை. சமையலாளர் முதற்கொண்டு பதினைவருக்கும் சோவியத் வீரர் என்னும் உயர் விருது சமமாக வழங்கப்பட்டது. அச்சமன்மையை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

இத்துடன் கதையை நிறுத்திவிடுதல் எளிது. முன்னர் இதனை எழுதியவர் பலர் இத்துடனேயே நிறுத்தினர். ஆயின் சமொய்லோவிச் எங்கே?

அவர் ஜார் ஆட்சியை எதிர்த்து வடக்கே நாடு கடத்தப்பட்டவர். சுரங்கப் பொறியியல் கற்றவர். 1928இல் வடமுனைப் பகுதியிலே வீழ்ந்த 'இத்தாலியா' ஆகாயக் கப்பலின் எஞ்சியோரைக் காப்பாற்றிய 'கிராசின்' பயணத்திற்குத் தலைமை தாங்கி உலகப் புகழ் பெற்றவர். 1937-38 மாரியிலே மூன்று கப்பல்களின் மக்களைக் கட்டிக்காத்தவர். அவதானங்கள் தடையின்றி நடைபெற ஒழுங்கு செய்தவர். 1938 ஏப்பிரலிலே விமானமேறித் தாயகம் திரும்பிய அவர், அதே ஆண்டிலே கைது செய்யப்பட்டார். 1939ஆம் ஆண்டிலே சுட்டுக் கொல்லப்பட்டார். 'செடோவ்' அப்போது பனியோடு வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. கப்பல்கள் பனியில் அகப்பட்டதற்குக் காரணம் திட்டமிடலின் குறையா, பருவத்தின் கொடுமையா என்று ஆராய்வதற்குப் பதிலாக, சதிகாரரைத் தேடுவதே அக்காலத்து வழக்கமாயிருந்தது. வடகடல் ஆராய்ச்சியாளர் வேறு சிலரும் சிறை சென்றனர். 'சாட்கோ'வில் வேலை செய்த புவிச்சரிதவியலார் யெர்மோலாயெவ் அவர்களுள் ஒருவர். சமொய்லோவிச் குற்றமற்றவர் என்று 1957இல் அறிவிக்கப்பட்டது. கொன்ற பின் பதினெட்டாண்டு.

இதை எழுதுவது எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகும் என்று நம் நண்பர் சிலர் கூறுவர். உழைக்கும் மக்களின் ஆற்றலிலே நம்பிக்கை வைத்தவன், அம்மக்களின் அறிஞனைக் கொன்றவர்களுக்காக ஏன் மௌனம் காக்க வேண்டும் என்பது நமக்கு விளங்கவில்லை. மறுபுறத்தே, அப்பதினைவரின் உழைப்பு முழுவதும் வெறும் பிரசாரமே என்று தள்ளிவிடுவாரும் உளர். 5180 மீற்றர் என்பது பிரசாரத்தால் ஆழமாவதுமில்லை, ஆழமற்றதாவதுமில்லை. கம்பியை விட்டுப் பார்த்தால் தெரியும்.

அவ்வெண்கள் பின்னர் என்ன பயன் தந்தன என்பதையும் காண்போம். கடற்பனி காற்று வீசும் திசையிலேயே செல்வதில்லை, அதற்கு வலப்புறமாக விலகுகின்றது என்பதை நன்சன் கண்டிருந்தார். கடலியல் அறிஞர் சூபோவ், 'செடோவ்' கொண்டுவந்த நாளாந்த இடக் குறிப்புகளை வானிலைப் படங்களோடு பொருத்தி ஆராய்ந்தார். பனியின் வேகம் காற்றின் வேகத்திலே ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு, விலகல் ஏறத்தாழ 30 பாகை, ஆகவே பனி சம அமுக்கக் கோடுகளை ஒட்டியே நகர்கின்றது என்னும் விதியை அவர் வகுத்தார். வானிலைப் படம் கையிலிருந்தால், கரையிலிருந்தே பனியின் போக்கை முன்கூட்டிச் சொல்லலாம் என்பது இதன் பொருள். பழைய வேட்டைக்காரர் கண்டதாகச் சொல்லிய, அதைத் தேடி 1902இல் தொல் என்னும் ஆய்வாளர் உயிரிழந்த, சன்னிக்கோவ் நிலம் என்பது இல்லை என்பதும் இம்மிதப்புகளால் உறுதியாயிற்று. இல்லாததை இல்லையென்று நிறுவுவதும் விஞ்ஞானத்தின் பணியே.

இன்னொன்று. 'பிராம்' சென்ற காலத்திலே சராசரிப் பனித் தடிப்பு 365 சென்ரிமீற்றர். 'செடோவ்' அளந்தது 218 சென்ரிமீற்றர். வடபுலம் வெப்பமடைகின்றது என்பதற்கு அக்காலத்திலேயே கிடைத்த சான்றுகளுள் ஒன்றாக இவ்விரு எண்களும் எடுத்துக்காட்டப்பட்டன. இவற்றைக் கொண்டு மட்டும் முடிவு கட்டிவிடலாகாது. இரு கப்பல்களும் ஒரே வழியிற் செல்லவில்லை. ஆயினும் ஒப்பிடுவதற்கு எண் வேண்டும், எண்ணுக்கு எவராவது பனியைத் துளைத்திருக்க வேண்டும்.

'செடோவ்' 1967இலே இரும்புக்காக உடைக்கப்பட்டது. மாணவனாகக் கடலுக்குச் சென்ற புயினிற்ஸ்கி லெனின்கிராட் பல்கலைக்கழகத்திலே பேராசிரியரானார். 2019 ஒக்டோபரிலே 'போலார்ஸ்ரேண்' என்னும் ஜெர்மானியப் பனியுடைப்புக் கப்பல், இருபது நாடுகளின் ஆய்வாளர் முறைமாறிப் பணிபுரிய, லாப்தெவ் கடலின் வடக்கே பனித்தளமொன்றுடன் தன்னைப் பிணைத்துக்கொண்டது. ஓராண்டுக்காலம் கப்பலைத் தாங்கக்கூடிய அளவு தடித்த பனித்தளம் ஒன்றைத் தெரிந்தெடுப்பதே அவர்களுக்குப் பெரும்பாடாயிற்று. எதிர்பார்த்ததைவிட விரைவாக அத்தளம் தெற்கே நகர்ந்தது. 2020 ஜூலை 31ஆம் நாள், கிரீன்லாந்துக்கு அருகிலே, அது துண்டுதுண்டாகப் பிளந்தது. அங்கும் பனியைத் துளைத்து, தடிப்பை அளந்து, நாள்தோறும் எழுதி வைத்திருக்கிறார்கள்.